பாடகியின் சுருதி இறங்கிவிட்டது: ரெக்கார்ட் பிளேயரைப் பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா?

செம்பூர் வீணை:

எல்லோருக்கும் வணக்கம். செம்பூரில் முப்பது வருடமாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். மின்சாரச் சாமான்களைப் பற்றிய என் அறிவு, மிக்ஸி நின்றுபோனால் அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துவதோடு முடிந்துவிடும். பதில் சொல்பவர்கள் அதை மனதில் வைத்துப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

நியூஜெர்சியில் நாற்பது வருடம் இருந்த அண்ணா போன தை மாதம் மும்பைக்கே திரும்பிவிட்டார். மன்னி பாத்திரம் பண்டமெல்லாம் அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அண்ணா மட்டும், 1984-இல் அங்கே வாங்கிய ரெக்கார்ட் பிளேயரைப் பழைய போர்வையில் பச்சைக் குழந்தையைப்போல் சுற்றிக் கொண்டுவந்து என் கூடத்தில் வைத்தார். அப்பாவின் இசைத்தட்டுகள் என்னிடம் இருக்கின்றன என்பதுதான் காரணம். எல்.பி. அறுபதுக்கு மேல், அதற்கும் பழைய அரக்குத் தட்டுகள் பன்னிரண்டு. எங்கள் வீட்டுப் பழைய பிளேயர் 2005 ஜூலை 26 வெள்ளத்தில் போயிற்று. அப்போது தரைத்தளத்தில் குடியிருந்தோம். தட்டுகள் பரணில் இருந்ததால் பிழைத்தன. அன்றிலிருந்து பரணைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதே என் வேலை.

அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230 என்பது அண்ணாவுக்குத் தெரியும். லாமிங்டன் ரோட்டுக்குப் போய் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கிவந்தார். அம்மிக்குழவி கனம். மாட்டினோம், விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது. முதலில் வைத்தது நான் சிறு வயதிலிருந்து கூடவே பாடிப் பழகிய ஒரு கச்சேரித் தட்டு. பாடகி நாலரைக் கட்டைச் சுருதியில் பாடுபவர். அந்தக் கச்சேரி என்னிடம் கேசட்டாகவும் இருக்கிறது, சந்தேகத்துக்கே இடமில்லை. பிளேயரிலிருந்து வந்ததோ, இரண்டரைக் கட்டையில், ஜலதோஷம் பிடித்த ஒரு ஆண்பிள்ளையின் குரல். அண்ணா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார். நாற்பது வருடமாகக் கச்சேரிக்குப் போகாத காது.

பழுதுபார்ப்பவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். முதல் நாள் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று புதியது போட்டார், 900 ரூபாய். மாற்றமில்லை. இரண்டாம் நாள் எண்ணெய் விட்டார், 300 ரூபாய். மாற்றமில்லை. மூன்றாம் நாள், மோட்டார் பலவீனமாகிவிட்டது, இதற்கு உதிரி கிடைக்காது, தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்றார். நான் சுருதியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், வயதானால் காதில் எல்லாம் இப்படித்தான் கேட்கும் என்று ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள். அன்று அவருக்குக் காபி கொடுத்துவிட்டோமே என்பதுதான் இன்றுவரை எனக்கு வருத்தம்.

அவர் போனதும் வீணையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டுபிடித்ததைச் சொல்கிறேன், யாருக்காவது அர்த்தம் புரிகிறதா பாருங்கள். பிளேயரில் கேட்கும் இறங்கிய ஷட்ஜத்தை, அதாவது ஆதார 'ஸ'வை, என் ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், தட்டின் உண்மையான ஷட்ஜம் அதன் சாதாரண காந்தாரம் என்னும் ஸ்வரத்தில் வந்து உட்காருகிறது. ஏறத்தாழ அல்ல, சுத்தமாக. பிறகு விளையாட்டாக, எல்.பி.க்கான 33 சுற்று வேகத்தில் இருந்த கைப்பிடியை 45-க்குத் திருப்பி அதே எல்.பி.யை வைத்தேன். குரல் மேலே போயிற்று. இந்த முறை உண்மையான ஷட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபம் என்னும் ஸ்வரத்தில் போய் நின்றது. அதுவும் சுத்தம். உறையில் 20 நிமிடம் என்று போட்டிருக்கும் பக்கம் 33-இல் 24 நிமிடம் ஓடுகிறது. சமையலறைக் கடிகாரத்தில் இரண்டு தடவை பார்த்தேன். இன்னொன்று, தட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் "ம்ம்" என்று ஒரு ரீங்காரம் இருக்கிறது. ஐந்து கட்டைக்குச் சற்று மேலே நிற்கிறது.

மோட்டார் பலவீனம் என்றால் குரல் தள்ளாட வேண்டாமா? பழுதான இயந்திரம் காந்தாரத்தில் போய் ஆடாமல் அசையாமல் நிற்குமா? இல்லை, உண்மையிலேயே இதன் காலம் முடிந்துவிட்டது என்றால், எதை வாங்குவது? அரக்குத் தட்டுகளும் ஓட வேண்டும்.


முலுண்ட் கணக்கன்:

மாமி, நாற்பது வருடச் சாமான். ஏற்கனவே 1,200 ரூபாய் போய்விட்டது. இதற்கு மேல் செலவு செய்வது வழுக்கு மரத்தில் ஏறுவது மாதிரி. விட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் ஆடியோ டெக்னிகாவின் எல்பி60எக்ஸ் போதும். பொத்தானை அழுத்தினால் கை தானாகப் போய்த் தட்டில் உட்காரும், முடிந்ததும் தானாகத் திரும்பும். முள்ளிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் உள்ளேயே இருப்பதால் எந்த ஸ்பீக்கரிலும் மாட்டலாம். என் வீட்டில் மூன்று வருடமாக ஒரு தொல்லையும் இல்லை. முள்ளை மாற்றலாம், ஆனால் முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது. அரக்குத் தட்டுகளுக்கு வேண்டிய 78 வேகமும் கிடையாது. அரக்குத் தட்டுகளைச் சுவரில் மாட்டிவிடுங்கள், அழகாக இருக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சூட்கேஸ் வடிவத்தில் பார்க்க லட்சணமாக, மலிவாக விற்கிறார்களே, அதைப் பேத்திக்கு விளையாடக்கூட வாங்க வேண்டாம். பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ். முள்ளின் பாரம் அதிகம், குறைக்கவும் வழியில்லை. அப்பாவின் தட்டுகளை உழுதுவிடும்.


செம்பூர் வீணை:

சூட்கேஸ் எச்சரிக்கைக்கு நன்றி, உண்மையிலேயே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் அரக்குத் தட்டைச் சுவரில் மாட்டச் சொன்னதை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.


தொண்ணூறடி ரோடு:

வணக்கம் டீச்சர். தாராவியில் அப்பா வைத்திருந்த ரேடியோ டிவி பழுதுபார்க்கும் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். முதலில் ஒன்று: அந்த மோட்டாரைத் தூக்கிப்போடாதீர்கள். அதற்கு ஒரு நோயும் இல்லை.

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் வேகம் ஒரு நிலையில் நிற்காது. பாட்டு நெளியும், முள் தட்டில் இறங்கிய நேரம் ஒன்று, கொஞ்சம் கழித்து ஒன்று என்று இருக்கும். எண்ணெய் வற்றினாலும் அப்படித்தான், ஓடி ஓடிச் சூடேறியதும் மாறும். உங்கள் பிளேயர் இரண்டு வேகத்திலும் ஒரே அளவு குறைந்து, அங்கேயே நிற்கிறது. 20 நிமிடம் 24 ஆகிறது, அதாவது ஐந்து பங்கு வேலைக்கு ஆறு பங்கு நேரம். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, நம்முடையது 50. அதுவும் ஆறுக்கு ஐந்து.

அந்தக் காலத்துப் பெல்ட் பிளேயர்கள் பலவற்றில் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார். அது வோல்ட்டைப் பார்த்து வேகம் வைப்பதில்லை. கம்பியில் வரும் அலை நொடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறதோ அதோடு கால் சேர்த்து நடக்கும். டிரான்ஸ்ஃபார்மர் 230-ஐ 110 ஆக்கும். 50-ஐ 60 ஆக்க அதனால் முடியாது. எனவே நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 27.8 சுற்றுகிறது. கைப்பிடியை 45-இல் வைத்தால் 37.5 சுற்றும். 37.5-ஐ 33⅓-ஆல் வகுத்தால் எட்டுக்கு ஒன்பது வருகிறது. நீங்கள் சொல்லும் ரிஷபம் அதுவா என்று எனக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தட்டு மேடையைத் தூக்கி, மோட்டாரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

ரீங்காரத்துக்கு வேறு காரணம். பிளேயரின் பின்னால் சிவப்பு, வெள்ளை ஒயரோடு கூட மெல்லியதாக மூன்றாவது ஒயர் ஒன்று, நுனியில் கவட்டை மாதிரித் தகடு வைத்து, இருக்கிறதா? அது எர்த். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் அதற்கென்று ஒரு திருகு இருக்கும், அதில் மாட்ட வேண்டும். ஐந்து கட்டைக்குச் சற்று மேலே என்று சொன்னீர்களே, நொடிக்கு 49 அதிர்வு ஐந்து கட்டையின் ஸ்தானம். நம் கரண்ட் 50. அப்பா இருந்திருந்தால் உங்களைக் கடையில் மீட்டருக்குப் பதில் உட்காரவைத்திருப்பார்.


செம்பூர் வீணை:

தம்பி, சீட்டில் "120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. மூன்று நாள் மேடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தவர் கண்ணில் அது படவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், அதே ரிஷபம்தான். ஷட்ஜத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் உள்ள விகிதம் 9/8. சாதாரண காந்தாரத்துக்கு 6/5. இசைத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் எத்தனை வருடமாக உருப்போட வைத்திருக்கிறேன் தெரியுமா! பிள்ளைகள் "இதெல்லாம் எதற்கு மாமி?" என்று கேட்டால், தேர்வில் கேட்பார்கள் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இருந்ததில்லை. நேற்றைய வகுப்பில் தட்டை ஓடவிட்டுக் காட்டினேன். ஒரு பெண் கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

கவட்டை ஒயரும் இருந்தது. பழுதுபார்த்த மகானுபாவர் அதை "உபரி ஒயர்" என்று சுருட்டி டேப் ஒட்டிவைத்திருந்தார். மாட்டியதும் ரீங்காரம் நின்றுவிட்டது.

இப்போது என்ன செய்ய வேண்டும்? அண்ணா வேறு, "அப்படியானால் நான் கொண்டுவந்தது வீணா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறார்.


மாட்டுங்கா கிழக்கு:

ஒரு கிழவனின் கருத்தையும் கேளுங்கள் அம்மா. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இசைத்தட்டுதான் பொழுதுபோக்கு, வீட்டில் மூன்று பிளேயர்கள். நான்காவதுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது.

இந்தத் தொல்லையை உலகத்திலேயே அதிகம் அனுபவித்தவர்கள் ஜப்பானியர்கள். அவர்கள் நாட்டில் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. ஒரே நாட்டில் வீடு மாற்றினால் பாட்டின் சுருதி மாறும்! அதனால் அந்தக் காலத்து பிளேயர்கள் சிலவற்றுக்கு 50-க்கு ஒன்று, 60-க்கு ஒன்று என்று இரண்டு புல்லிகள், அதாவது மோட்டார் அச்சில் மாட்டிப் பெல்ட்டை ஓட்டும் சிறு சக்கரங்கள், உண்டு. அண்ணாவின் பெட்டிக்குள் அப்படி ஏதாவது பித்தளைத் துண்டு கிடக்கிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள். 1970-இல் டெக்னிக்ஸ் எஸ்பி-10 வந்தது. பெல்ட் கிடையாது, மோட்டாரே மேடையைச் சுற்றும், மின்னணுச் சுற்று வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். 1972-இல் எஸ்எல்-1200, 1979-இல் குவார்ட்ஸ் படிகம் வைத்த அதன் மார்க்-2. அவற்றுக்கு 50, 60 எல்லாம் பொருட்டே இல்லை.

புதிதே வாங்குவதாக இருந்தால், முலுண்ட்காரர் சொன்னது வேண்டாம். அதே நிறுவனத்தின் எல்பி120எக்ஸ் பாருங்கள். விலை கூடுதல்தான். ஆனால் 78 வேகம் இருக்கிறது, கார்ட்ரிட்ஜில் முள்ளை மட்டும் கழற்றி மாற்றலாம். எல்.பி. முள்ளை அரக்குத் தட்டில் வைக்கவே வைக்காதீர்கள். அந்தப் பள்ளம் மூன்று நான்கு மடங்கு அகலம், முள் அடியில் போய்க் குப்பையைத்தான் கிளறும். 78-க்கென்று தனி முள் இருக்கிறது, விஎம்என்95எஸ்பி என்று கேளுங்கள்.

உங்களுக்கு இன்னொரு சௌகரியம். அதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு தள்ளுகட்டை உண்டு, 16 சதவீதம் வரை. அரைக் கட்டைக்கு ஏறத்தாழ 6 சதவீதம். நாலரைக் கட்டைப் பாட்டை ஐந்துக்கு ஏற்றி உங்கள் வீணையோடு சேர்த்து வாசிக்கலாம். காலப்பிரமாணமும் கூடவே ஓடும் என்பதுதான் குறை.

சோர் பஜாரில் பழையது தேடலாமா என்று கேட்பீர்கள். அங்கிருக்கும் மட்டன் தெருவில் நானும் பல காலம் அலைந்தவன். தட்டுகளுக்குப் போங்கள், இயந்திரத்துக்கு வேண்டாம். பித்தளைக் குழல் பளபளக்கும் கிராமஃபோன்களில் பல போன மாதம் பிறந்தவை.


தொண்ணூறடி ரோடு:

சார் சொன்ன புல்லிதான் வழி டீச்சர். இரண்டாவது புல்லி இல்லையென்றால் கவலை வேண்டாம், கடைந்துகொள்ளலாம். மோட்டார் அச்சில் இருக்கும் புல்லியை ஐந்துக்கு ஆறு என்ற அளவில் பெரிதாக்கினால் வேகம் சரியாகிவிடும். எங்கள் தெருவில் லேத் பட்டறை இருக்கிறது. கழற்றிக் கொண்டுவாருங்கள், அளந்து பித்தளையில் செய்து தருகிறேன். 50-இல் ஓடும்போது அந்த மோட்டார் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும். தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் எனக்குச் சொல்லுங்கள்.


செம்பூர் வீணை:

பத்து நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். அண்ணாவே தாராவிக்குப் போய்ப் புல்லியைக் கொடுத்து வாங்கி வந்தார். தம்பி அளந்ததில் பழையது 10 மில்லிமீட்டர், புதியது 12. தங்கம் மாதிரி மின்னுகிறது.

மாட்டி, அதே தட்டை வைத்தேன். பாடகி திரும்பி வந்துவிட்டார். அந்த முதல் "ஆ" கேட்டதும் அண்ணா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அப்பா இந்தத் தட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் எடுப்பார். எடுப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார்.

இப்போது தம்பி என்மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது. சுருதி ஒரு நூல் இறங்கியிருக்கிறது. நாலரைக் கட்டையில் தம்புராவை வைத்துக் கேட்டால் சேரவில்லை, பிசிறடிக்கிறது. அரைக் கட்டையில் ஆறில் ஒரு பங்கு இருக்கலாம். அண்ணா என் பிரமை என்கிறார். கடிகாரத்தைப் பார்த்தேன்: 20 நிமிடம் 11 நொடி.


தொண்ணூறடி ரோடு:

டீச்சர், கோபமெல்லாம் இல்லை. வெட்கமாக இருக்கிறது. நேற்று ராத்திரி படுத்த பிறகுதான் பிடிபட்டது.

பெல்ட்டுக்கும் கனம் உண்டு. புல்லியோடு அதுவும் சேர்ந்துதான் சுற்றளவு. உங்கள் பெல்ட் 0.6 மில்லிமீட்டர். பழைய கணக்கு 10 அல்ல, 10.6. அதை ஐந்துக்கு ஆறு என்று பெருக்கினால் 12.72, அதில் பெல்ட்டைக் கழித்தால் 12.12. நான் 12-இல் நிறுத்திவிட்டேன். நூற்றுக்கு ஒரு பங்கு குறைவு. 20 நிமிடத்துக்கு 11 நொடி, நீங்கள் பார்த்த அதே 11 நொடி.

கடைந்ததை ஒட்ட முடியாது, புதுத் துண்டில்தான் செய்ய வேண்டும். இந்தத் தடவை 12.2-இல் விட்டுவிட்டு, உங்கள் வீட்டுக்கே வந்து, நீங்கள் கேட்டுச் சொல்லச் சொல்ல உப்புத்தாளால் தேய்த்துக் குறைக்கிறேன். 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையும் எடுத்து வருகிறேன். 50 ஹெர்ட்ஸ் வெளிச்சத்தில் 33⅓ சரியாக இருந்தால் கோடுகள் நின்ற இடத்தில் நிற்கும். எல்இடி பல்பில் ஒழுங்காகத் தெரியாது. பழைய சோக் வைத்த டியூப் லைட் வீட்டில் ஏதாவது மிச்சமிருக்கிறதா?


செம்பூர் வீணை:

குளியலறையில் ஒன்று இருக்கிறது. பிளேயரை அங்கே கொண்டுபோக வேண்டியதுதான், அண்ணா தூக்குவார்.

எல்பி120எக்ஸை அரக்குத் தட்டுகளுக்காகத் தீபாவளிக்கு வாங்குவதாக முடிவு செய்திருக்கிறேன். மாட்டுங்கா சார், 78 முள்ளின் பெயரை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். தம்பி, ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் வாருங்கள், அதற்கு முன் வகுப்பு. உப்புத்தாளை நீங்களே கொண்டுவந்துவிடுங்கள். மதியம் சாப்பாடு இங்கேதான்.